பிறர் வீட்டு நாயை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் லேப் (லேப்ரடார்), பக், ஸ்பிட்ஸ் நாய் வளர்க்கிற வீடுகள் நிறைய வந்துவிட்டன. நான்கு நாள் கல்யாணத்துக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டில் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டுக் கொல்லையில் கட்டிப்போட்டுப் போகிறார்கள். ஆள் முகம் பார்க்காமல் நாலு நாள் கட்டிலேயே கிடக்கிற நாய் எவ்வளவு ஏங்கிப்போகும் என்று நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

சுற்றுச்சுவர் உள்ள வீடும், பகல் முழுக்க ஒரு ஆளும், நாய்மேல் உண்மையான பிரியமும் இருந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படிப்பட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்த போர்டிங் வேலையைச் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் வரும் பெரிய விபத்துகள் மூன்று: நாய் ஓடிப்போவது, ஒன்றையொன்று கடித்துக்கொள்வது, நோய் ஒட்டிக்கொள்வது. மூன்றையும் தடுக்க வேண்டிய இடம் வாசலுக்கு வெளியேதான். நாய் உள்ளே வந்தபிறகு செய்வதெல்லாம் பாதி வேலை.

யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது

தடுப்பூசிப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். "போட்டாச்சுங்க" என்ற வாய்வார்த்தை போதாது. டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஆகிய தொற்றுநோய்களுக்கு எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் உரிய தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். நேற்றுப் போட்டுக்கொண்டு இன்று வருகிற நாய்க்குப் பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் போகட்டும். நான்கு மாதம் நிறையாத, ஊசி வரிசை முடியாத குட்டியை எவ்வளவு கெஞ்சினாலும் எடுக்காதீர்கள். குட்டியின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம். பார்வோ வந்தால் ரத்தபேதியில் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

பருவத்துக்கு வந்திருக்கும் பெண் நாய்க்கு ஏறக்குறைய மூன்று வாரம் இடமில்லை. தெருவில் உள்ள அத்தனை கடுவனும் உங்கள் சுவரடியில் கூடிவிடும். உள்ளே இருக்கும் ஆண் நாய்கள் சண்டை போடும். மனிதரைக் கடித்த நாயும் வேண்டாம். ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் வைக்காதீர்கள், உங்கள் சொந்த நாயும் அந்தக் கணக்கில் அடக்கம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்துப் பேர் கேட்பார்கள். அப்போது மறுக்கத் தெரிய வேண்டும்.

சேர்க்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: என்ன சாப்பாடு, எத்தனை வேளை, என்ன மருந்து, வீட்டில் கூப்பிடும் பெயர், எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் உறுமும், வழக்கமான கால்நடை மருத்துவரின் எண், உள்ளூரில் இன்னொரு பொறுப்பாளரின் எண். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். உரிமையாளர் விமானத்தில் இருக்கும்போது நாய்க்கு வலிப்பு வந்தால் அந்தத் தாள்தான் உதவும். நாயை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாய்களோடு புழங்கும் வீட்டார் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

கேட்டும் சுவரும்

புது இடத்துக்கு வந்த நாய்க்கு ஒரே எண்ணம்தான்: வீட்டுக்குப் போக வேண்டும். முதல் மூன்று நாளில்தான் ஓடும். கேட்டைத் திறந்து பால்காரருக்குப் பதில் சொல்கிற நேரம் அதற்குப் போதும்.

அதனால் கேட்டுக்கு உள்பக்கம் இன்னொரு கதவு கட்டாயம். திண்ணை வீடாக இருந்தால் திண்ணைக்கும் ரேழிக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு மேல் ஒரு கம்பிக் கதவு போடலாம். ஒன்று சாத்திய பிறகே மற்றது திறக்க வேண்டும், இதை வீட்டில் எல்லாருக்கும் பழக்குங்கள். கேட்டின் கம்பி இடைவெளியில் ஸ்பிட்ஸ் தலையை நுழைத்தால் உடம்பும் நுழைந்துவிடும். கீழிருந்து இரண்டடிக்கு வலை அடித்துவிடுங்கள். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தால் செங்கல் வைத்துப் பூசுங்கள். சுவர் ஆறடியாவது வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் வந்தால் அதுவும் போதாது. சுவரோரம் கிடக்கும் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, விறகு அடுக்கு எல்லாம் அவற்றுக்குப் படிக்கட்டு. கொல்லையில் கிளுவை வேலி மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. கிணற்றுக்கு மூடி போடுங்கள். பூஜைக்கு வைத்த அரளி நாய் வாய்க்கு எட்டும் இடத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

கழுத்துப் பட்டையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பயந்த நாய் முன்னால் இழுக்காது. பின்னால் வாங்கி, தலையை உருவிக்கொண்டு போய்விடும். புது நாயை வெளியே கூட்டிப்போகும்போது மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. உங்கள் தொலைபேசி எண் எழுதிய வில்லையை வந்த நிமிடமே மாட்டிவிடுங்கள். உரிமையாளர் எண்ணை மட்டும் வைத்து என்ன பயன், அவர் ஊரிலேயே இல்லையே.

ஓடிவிட்டால் துரத்தக் கூடாது. துரத்தினால் இன்னும் ஓடும், வண்டியில் அடிபடும். பெரும்பாலும் பக்கத்துத் தெருவிலோ வாய்க்கால் மதகடியிலோ பதுங்கியிருக்கும். கண்ணில் பட்டால் பக்கவாட்டாகத் திரும்பிக் கீழே உட்காருங்கள், சாப்பாட்டைத் தரையில் வையுங்கள், உரிமையாளரின் குரலைப் போனில் கேட்கச் செய்யுங்கள். ஓடிய கேட்டை இரவு முழுக்கத் திறந்து, அதன் படுக்கைத் துணியை வாசலில் போட்டுவையுங்கள். மற்ற நாய்களை அந்த நேரம் அறைக்குள் அடைத்துவிட வேண்டும்.

உண்ணி: வாசலில் பதினைந்து நிமிடம்

டெல்டாவில் நாய் போர்டிங் நடத்துகிறவருக்கு முதல் எதிரி உண்ணிதான். ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய சுண்ணாம்புச் சுவர், ஓட்டு வீடு என்றால் அதற்கு இன்னும் வசதி. ஒரு நாய் கொண்டுவந்ததை அடுத்து வருகிற எல்லா நாயும் சுமக்கும். எர்லிச்சியா, பபீசியா எனும் உண்ணிக் காய்ச்சல்கள் இப்படித்தான் பரவுகின்றன.

ஆகவே நாய் படியேறுமுன் வெளியே நிற்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி. விரல் நுனியால் முடியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் சின்ன மிளகு போலத் தட்டுப்படும். தோலையொட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். இரண்டு மூன்று கிடைத்தால் பார்த்துச் சேர்க்கலாம். காது முழுக்கக் கொத்தாக இருந்தால் சிகிச்சை முடித்து வரச் சொல்லுங்கள்.

உண்ணி மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்பார்கள். எந்த மாத்திரை, எந்தத் தேதி என்று கேளுங்கள். சிலது ஒரு மாதம், சிலது 12 வாரம் வேலை செய்யும். மாத்திரை உண்ட நாயின்மேலும் உண்ணி ஏறும், கடித்த பிறகே சாகும். அதனால் மாத்திரை இருந்தாலும் தேடுவது தேடுவதுதான். வீட்டில் சுவர் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். மருந்து தெளிப்பதானால் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில், நாய்கள் இல்லாத நாளில் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

அறிமுகம்

உங்கள் வீட்டு நாயையும் வந்த நாயையும் கேட்டில் முகத்துக்கு முகம் சந்திக்க விடாதீர்கள். இரண்டு ஆள், இரண்டு நாய், தெருவில் பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். கயிறு தளர்ந்தே இருக்கட்டும், இறுகினால் நாய் முறுக்கிக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் வந்து மோந்து பார்க்க மூன்று விநாடி, பிறகு கூப்பிட்டுப் பிரித்து மறுபடி நடை. உடம்பு விறைத்து, வால் செங்குத்தாக நின்று, கண் இமைக்காமல் பார்த்தால் அன்றைக்கு அது போதும். வீட்டுக்குள் நுழையும்போது, புதிதாக வந்த நாய் முதலில் போகட்டும், வீட்டு நாய் பின்னால் வரட்டும்.

சாப்பாடு, எலும்பு, பொம்மை எதுவும் பொதுவில் கிடக்கக் கூடாது. சண்டை அங்கிருந்துதான் கிளம்பும். மூண்டுவிட்டால் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், கடி உங்களுக்குத்தான். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள். விடாவிட்டால் இருவர், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும்.

சிவப்பு சிமெண்ட் தரை பார்க்க அழகு, ஆனால் வயதான லேபுக்கு வழுக்கும். நடக்கிற பாதையில் கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் மற்றது வராத ஒரு மூலை வேண்டும். நாள் முழுக்கக் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே தவறு. கட்டிப்போட்டுத்தான் சமாளிக்க முடியும் என்றால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்றதில்லை.

சாப்பாடு

வீட்டில் என்ன தின்றதோ அதே. தயிர் சாதம் என்றால் தயிர் சாதம், பாக்கெட் தீனி என்றால் அதே கம்பெனி. தங்கும் நாளுக்கு மேல் இரண்டு நாள் தீனி சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். "நம்ம வீட்டுக்கு வந்திருக்கே" என்று முதல் நாளே ஈரலும் கறியும் போட்டால் மறுநாள் பேதி. முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். கிண்ணத்தை 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், ஊட்டிவிட வேண்டாம். இரண்டு நாள் தாண்டினாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி, கோடையில் கூடுதல். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது.

சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கிறது, அது நாயின் ரத்த அணுவை உடைக்கும். சர்க்கரைப் பொங்கலில் உள்ள உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொங்கலன்று வருகிற சொந்தக்காரர்களிடம் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். காய்ச்சலுக்கு நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

கழுவுதல்

மலத்தையும் சிறுநீரையும் முதலில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகக் கழுவுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிவிடுங்கள். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச்சிங் செத்துப்போகும். சிறுநீரோடு கலந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு வரும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. பார்வோ கிருமியை ஃபினாயில் நம்பத்தகுந்தபடி கொல்லாது.

ஊரின் பருவம்

சித்திரை, வைகாசி வெயிலில் பக், புல்டாக், ஹஸ்கி மூன்றையும் ஏசி அறையும் இன்வெர்ட்டரும் இல்லாமல் எடுக்காதீர்கள். நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104 தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சு இரைத்தால் அது வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் நனைய ஊற்றி மின்விசிறிக்கு நேரே கிடத்துங்கள். ஐஸ் வேண்டாம். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வந்துசேர்ந்தால், நேற்றுவரை நடைப்பயிற்சிக்குப் போன வறண்ட வாய்க்கால் இன்று ஆளை இழுக்கும் ஆழத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரால் லெப்டோ வரும், அது மனிதருக்கும் ஒட்டும். வரப்பை விட்டுத் தார் ரோட்டில் நடத்துங்கள், திரும்பியதும் கால்விரல் இடுக்கைத் துணியால் துடையுங்கள், தீனியை இரவில் வெளியே வைக்காதீர்கள். தேரையைக் கவ்வி நுரை தள்ளினால் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் வெளியே வழியும்படி வாயைக் கழுவ வேண்டும்.

குறுவை, சம்பா அறுப்பு நேரத்தில் எலியும் பாம்பும் வயலைவிட்டு வீட்டுப் பக்கம் வரும். கடித்தது கண்ணாடி விரியனா நல்ல பாம்பா என்று தேடி நேரம் போக்காதீர்கள். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து முக்கியமான நான்கு விஷப்பாம்புக்கும் பொதுவானது. கட்டுப் போடாமல், கீறாமல், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து எங்கே இருப்பில் உள்ளது என்று முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எண்ணும் உங்கள் சுவரில் இருக்கட்டும். எலி மருந்தில் ஒரு வகை சில மணி நேரத்தில் கொல்லும். இன்னொரு வகையில் மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே ஈறில் ரத்தம் கசியும். செத்த எலியை வாயில் பார்த்தாலே காத்திருக்காமல் போய்விடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாலையிலிருந்து நடை, சாப்பாடு எல்லாம் வெடிச்சத்தம் தொடங்குமுன் முடியட்டும். ஜன்னல் குறைந்த உள்ளறை, மின்விசிறி, ரேடியோ, பக்கத்தில் ஒரு ஆள். நடுங்கும் நாய்க்கு மருந்து தேவையா என்று ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பகல்நேரப் பராமரிப்பு

காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்றால், விளையாட்டைவிட தூக்கம் முக்கியம். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை தனித்தனியே படுக்கட்டும். களைத்த நாய்தான் மாலையில் கடிக்கும். புதிதாக வருவது எதுவானாலும் முதலில் அரை நாள், பிறகு ஒரு முழு நாள், பிறகு ஒரு இரவு. அதன்பிறகே ஒரு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளலாம்.

கட்டணமும் ஒப்படைப்பும்

24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கணக்கிட்டு, பாதி முன்பணம் வாங்குங்கள். மாத்திரை கொடுப்பதற்கும் குளிப்பாட்டுவதற்கும் என்ன தொகை என்று முன்பே சொல்லிவிட்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. ஒப்படைக்கும்போது சாப்பிட்டது, மலம் போனது, கொடுத்த மருந்து, எடுத்த உண்ணி, சின்னக் கீறல் உட்பட எல்லாம் எழுதிய தாளைக் கொடுங்கள். உண்ணிக் காய்ச்சல் தலைகாட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் நாய் சோர்ந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தாலோ ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், உங்களுக்கும் தகவல் தரச் சொல்லுங்கள். அதே நாட்களில் தங்கியிருந்த மற்ற நாய்களின் வீட்டாருக்கு நீங்கள் போன் செய்ய வேண்டியிருக்கும்.