தரையில் இறங்கும் மேகத்தை அளக்க ஒரு சிறு ஒளியுணரி

மேகத்துளியை அளக்க விமானம் ஏற வேண்டியதில்லை. மார்கழி விடியலில் திருவையாற்றுப் பக்கம் சம்பா வயல்களின்மேல் படிந்து கிடக்கும் மூடுபனியும் மேகம்தான். அதன் துளிகள் பெரும்பாலும் 50 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த குறுக்களவு கொண்டவை. துளியின்மேல் படும் ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே சிதறும். அந்தச் சிதறலைப் பிடிப்பதே நம் வேலை. விமானக் கருவிகள் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணும். நம்முடையது மொத்தச் சிதறலை மட்டும் சொல்லும்.

முதலில் உடல். உட்புறம் கறுப்பு மை பூசிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளைப் பலகையில் பொருத்துங்கள். ஒன்றில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 5 மில்லிவாட் போதும். மற்றதில் 50 மில்லிமீட்டர் குவியத்தூர லென்சும், அதன் பின்னால் 100 மில்லிமீட்டர் தள்ளி ஒரு போட்டோடயோடும் (ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உணரி). லென்சுக்கு முன்னால் அதே 100 மில்லிமீட்டரில் லேசர் கதிர் கடக்க வேண்டும். கதிர் போகும் திசைக்கும் இந்தக் குழாய்க்கும் இடையே 35 டிகிரி இருக்கட்டும். கதிர் போய் முட்டும் இடத்திலும், போட்டோடயோடு பார்க்கும் திசையிலும் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டுங்கள். லேசரைக் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

அடுத்தது மின்சுற்று. தொடங்குபவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். போட்டோடயோடிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் நானோஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். அதைப் பெருக்கியாக வேண்டும். எங்கும் கிடைக்கும் எல்எம்358 பெருக்கிச் சில்லின் உள்ளீடே பல நானோஆம்பியரை விழுங்கிவிடும். எம்சிபி6002 வாங்குங்கள், 10 மெகாஓம் மின்தடையுடன் இணைத்து, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு வழியாக ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகைக்குக் கொண்டுபோங்கள்.

லேசரை 100 மில்லிசெகண்ட் எரியவிட்டு ஒரு சராசரி, அணைத்து அதே நேரம் இன்னொரு சராசரி எடுங்கள். இரண்டின் வித்தியாசமே உங்கள் அளவு. விடியல் வெளிச்சம் கழிந்துபோகும். பனி இல்லாத இரவில் இதே வித்தியாசத்தைக் குறித்துவைத்து, பிற்பாடு வரும் எல்லா அளவிலிருந்தும் கழியுங்கள்.

லென்சில் நீர் கோத்ததால் என் முதல் இரண்டு விடியல்களும் வீணாயின. லென்சின் விளிம்பில் 100 ஓம், அரை வாட் மின்தடை ஒன்றை ஒட்டி 5 வோல்ட் கொடுத்தால் அந்த இளஞ்சூடே போதும்.

இனி அளவுத்திருத்தம். வாய்க்கால் கரையில் நிற்கும் தென்னைகளின் தூரத்தைப் பகலிலேயே அளந்துவையுங்கள். பனியில் கண்ணுக்குத் தெரியும் கடைசி மரம் எது என்று பாருங்கள். 1-ஐ அந்தத் தூரத்தால் வகுத்து, கருவியின் அளவுடன் வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். பார்வைத்தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அது மூடுபனி.

அருகில் யாராவது வைக்கோல் கொளுத்தினால் கருவி அதையும் பனி என்றே காட்டும். 120 டிகிரியில் இன்னொரு போட்டோடயோடு வைத்து இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: புகைத்துகள் மிகச் சிறியது, பின்பக்கமும் கணிசமாகச் சிதறும், பனித்துளியில் முன்சிதறலே ஓங்கி நிற்கும்.