பூசி மெழுகிய அறிக்கையைப் பிரித்துப் படிப்பது எப்படி?

‘மறுசீரமைப்பின் ஒரு பகுதியாக 300 பணியிடங்கள் பாதிக்கப்படும்.’ செய்தி எழுதும்போது இப்படி ஒரு வாக்கியம் கைக்கு வந்தால் முதலில் எழுவாயைத் தேடுங்கள். ‘பாதிக்கப்படும்’ என்கிறார்களே, பாதிப்பது யார்? செயப்பாட்டுவினையும், ‘சீரமைப்பு’, ‘நடவடிக்கை’ போன்ற தொழிற்பெயர்களும் செய்தவரை மறைக்க வசதியானவை. அடுத்து, யாருக்கு நேர்கிறது என்று பாருங்கள். பணியிடத்துக்கு வீட்டு வாடகை கிடையாது; போவது ஆட்கள். இனி திருப்பி எழுதலாம்: ‘நிறுவனம் 300 பேரை வேலையிலிருந்து நீக்கப்போகிறது.’ எண் மாறவில்லை, புதிதாக எதுவும் சேரவில்லை. செய்தவரும் பட்டவரும் மட்டும் உள்ளே வந்துவிட்டார்கள்.

‘கட்டண மாற்றியமைப்பு’ என்றால் பழைய தொகையையும் புதிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறைத்திருந்தால் ‘குறைப்பு’ என்று அவர்களே தலைப்பில் போட்டிருப்பார்கள்.

போர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1950-இல் கொரியாவில் நடந்ததை ‘போலீஸ் நடவடிக்கை’ எனலாமா என்று ஒரு நிருபர் கேட்க, ‘ஆம்’ என்றார் அமெரிக்க அதிபர் ட்ரூமன். சொல்லை எடுத்துக் கொடுத்தது பத்திரிகைக்காரர்தான்! 2022-இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்கு ரஷ்யா வைத்த பெயர் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’.

மழுப்பலை உடைக்கப்போய் மறுகோடிக்குத் தாவுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. ‘உயிரிழப்பு ஏற்பட்டது’ என்பதை ‘படுகொலை’ என்று மாற்றினால் நோக்கத்தையும் நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள். ‘போலீசார் சுட்டதில் இருவர் இறந்தனர்’ என்பது தெரிந்ததோடு நிற்கிறது. சுட்டது யார் என்றே தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதுங்கள்.

எல்லா மென்சொல்லும் ஏமாற்று அல்ல. இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது) என்று இலக்கண நூலான நன்னூலே இதற்கு இடம் வைத்திருக்கிறது. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கல வழக்கு. அங்கே சொல் தணிப்பது இழந்தவரின் வலியை. மேலே பார்த்த வாக்கியத்திலோ முடிவெடுத்தவரின் சங்கடத்தை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இரங்கல் செய்தியைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

அதிகாரச் சொல்லை மேற்கோள் காட்டியே ஆகவேண்டுமென்றால் ஒரே முறை, மேற்கோள் குறிக்குள், சொன்னவர் பெயரோடு போடுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே நேர்ச்சொல்லுக்கு வந்துவிடுங்கள். குறி இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் சொல்லாகிவிடும். தலைப்பில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். பலர் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள்.