டெக்சாஸுக்குக் குடும்பத்தோடு வருபவர்களுக்கு: அரசு பார்க்காததை நீங்கள்தான் பார்க்க வேண்டும்

கலிஃபோர்னியாவிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் டாலஸ், ஹியூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு கணக்கோடு வருகின்றன: மாநில வருமான வரி இல்லை, அதே காசுக்கு வீடு பெரிது. இரண்டும் உண்மைதான். ஆனால் அங்கே ஏதோ ஒரு சட்டமோ உரிமமோ ஆய்வாளரோ உங்களுக்காகப் பார்த்துவிட்டுப் போன பல விஷயங்களை இங்கே யாரும் பார்ப்பதில்லை. அந்த வேலை உங்கள் தலையில் விழும். எங்கெங்கே விழும் என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டால் பல ஆயிரம் டாலரும் பல இரவுத் தூக்கமும் மிஞ்சும்.

லாரி பிடிக்கும் முன்

எச்1பி விசாவில் இருந்தால் முதல் போன் வழக்கறிஞருக்கு. வேலை பார்க்கும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் திருத்த மனு தாக்கல் செய்தாக வேண்டும். 2015-இல் குடிவரவு மேல்முறையீட்டு அலுவலகம் தந்த சிமியோ தீர்ப்பிலிருந்து இது கட்டாயம். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கும் இதே விதிதான், ஏனென்றால் அவருடைய வீடுதான் வேலையிடம். மனு தாக்கலாகிவிட்டால் புதிய ஊரில் வேலையைத் தொடங்கலாம், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்த 10 நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றத்தைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். எச்4-இல் இருக்கும் பிள்ளைகளுக்குப் போட மறந்துவிடுகிறார்கள்.

அதே நிறுவனத்தில் இடம் மட்டும் மாறுகிறவர்கள், புதிதாகக் கையெழுத்துக் கேட்டு வரும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். போட்டி நிறுவனத்துக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை கலிஃபோர்னியாவில் செல்லாது. டெக்சாஸில் காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் செல்லும். குழந்தை பிறக்கப் போகிறது என்றால் இன்னொன்று: கலிஃபோர்னியாவின் 8 வாரச் சம்பளத்தோடு கூடிய குடும்ப விடுப்பு போன்ற மாநிலத் திட்டம் இங்கே கிடையாது. கூட்டாட்சிச் சட்டம் தரும் 12 வாரம் சம்பளமில்லாதது. அதற்கும் அந்த நிறுவனத்தில் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஆர்எஸ்யு பங்குகள் (சம்பளத்தின் பகுதியாக நிறுவனம் ஒதுக்கித் தருபவை) வைத்திருப்பவர்கள் குடிபெயர்ந்த தேதிக்கான ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். பங்கு ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை எத்தனை நாள் கலிஃபோர்னியாவில் வேலை செய்தீர்களோ, அந்த விகிதத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். டெக்சாஸ் வந்த பிறகும் சில ஆண்டுகள் வெளிமாநிலத்தவருக்கான கலிஃபோர்னிய வரிப் படிவமான 540என்ஆர் போட வேண்டியிருக்கலாம்.

வீட்டு வரி: இரண்டாம் ஆண்டு அடி

புது வீடு வாங்குபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. வரி மதிப்பீடு ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்து நடக்கும். அன்று உங்கள் இடம் வெறும் மனையாக இருந்திருந்தால் அந்த ஆண்டு வரி மனைக்கு மட்டும்தான். 5,50,000 டாலர் வீடு, வரி விகிதம் 2.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மனை மதிப்பு 1,20,000 என்றால் முதல் ஆண்டு வரி 2,640, மாதம் 220. அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் சேர்த்து 12,100, மாதம் ஆயிரத்துக்கு மேல். கடன் கொடுத்தவர் எஸ்க்ரோவில், அதாவது வீட்டு வரிக்காகத் தவணையோடு மாதாமாதம் பிடித்துவைக்கும் கணக்கில், 220 வீதம் பிடித்துவந்திருந்தால், விட்டுப்போன பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணையை ஏற்றுவார். தவணை திடீரென்று எகிறியது என்று பதறுபவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். முதல் நாளிலிருந்தே முழு வீட்டு மதிப்பில் எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த வித்தியாசத்தை நீங்களே தனியாகச் சேர்த்து வையுங்கள்.

விகிதத்தைக் கேட்கும்போது எம்யுடி (நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம்) உண்டா, பிஐடி (பொது மேம்பாட்டு மாவட்டம்) உண்டா என்றும் கேளுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே முளைக்கும் புதுக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாய், சாக்கடைக்கு வாங்கிய கடனை எம்யுடி வரியாக வசூலிப்பார்கள். ஒரே பள்ளி மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குக்கூட இதனால் விகிதம் மாறும்.

குடியேறியதும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரி விலக்குக்கு, 50-114 படிவத்தை உங்கள் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஏப்ரல் 30-க்குள் கொடுங்கள். பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்புக்கு விலக்கு உண்டு. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் அது 1,00,000-லிருந்து உயர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் படிவம் திரும்பி வரும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள், அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்ட 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் எதிர்ப்பு மனு போடலாம். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. அதனால் மதிப்பீட்டைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் வீட்டை வாங்கி முடித்தபோது தந்த குளோசிங் கணக்குத் தாளைக் காட்டுங்கள். அதிகமாக வாங்கியிருந்தால் காட்டத் தேவையில்லை.

கட்டியவருக்கு உரிமம் கிடையாது

இந்த மாநிலத்தில் வீடு கட்டுபவருக்கோ, பொதுக் கான்ட்ராக்டருக்கோ, கூரை போடுபவருக்கோ மாநில உரிமம் கிடையாது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் ஆகியோருக்கு உண்டு. வீட்டு ஆய்வாளருக்கும் உண்டு. ஆகவே புது வீடு, ஊராட்சி பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று விட்டுவிடாமல், உங்கள் செலவில் ஓர் ஆய்வாளரை மூன்று முறை வரவழையுங்கள்: கான்கிரீட் ஊற்றும் முன், சுவரில் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) அடிக்கும் முன், சாவி வாங்கும் முன். இரண்டாவதுதான் மிக முக்கியம். ஷீட்ராக் அடித்த பிறகு வெட்டுப்பட்ட மரச்சட்டமும் இணைக்காத ஏசிக் குழாயும் கண்ணில் படாது. ஆய்வுக்கு அனுமதி உண்டு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பழைய வீட்டுக்கான ஒப்பந்தத்தில் ஆப்ஷன் காலம் என்று சில நாள் வாங்கலாம். சிறு தொகை கட்டினால் அந்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். கட்டணம் 3 நாளுக்குள் பத்திரத்தைச் சரிபார்த்துக் கைமாற்றும் டைட்டில் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கெடு கடைசி நாள் மாலை 5 மணியோடு முடியும், இரவு 12 வரை என்று நினைத்தால் போயிற்று. பில்டர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஒப்பந்தத்தைத்தான் நீட்டுவார்கள். அதில் ஆப்ஷன் காலம் இருக்காது, வழக்குப் போடாமல் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

டாலஸ் பகுதி மண் களிமண். நம் ஊர்க் கரிசல் மண்ணைப் போல, மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆகஸ்ட் மாதம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள், அடித்தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு தெரியும். அப்படியே விட்டால் தளம் ஒரு பக்கம் இறங்கும். கதவு சட்டத்தில் இடிக்கும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். தளத்திலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளிக் கசிவுக் குழாய் போட்டு, கோடையில் மண் ஒரே ஈரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பிளவுக்குள்ளேயே தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது, அது நேராக அடியில் போய் நிற்கும்.

அடுத்தது ஆலங்கட்டி மழை. காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிக்கு மட்டும் தனிக் கழிவுத்தொகை இருக்கும், வீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம். 4,50,000-க்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 9,000 டாலர் உங்கள் கைப்பணம். கூரைக்கு முழு மாற்று விலை கிடைக்குமா, தேய்மானம் கழித்துத்தான் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புயலடித்த மறுநாளே கதவைத் தட்டி, 'கழிவுத்தொகையை நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கூரைக்காரரை வாசலோடு அனுப்புங்கள். 2019 முதல் அது சட்டவிரோதம், மாட்டினால் உங்களுக்கும் தொல்லை.

ஹியூஸ்டன் பக்கம் போகிறவர்களுக்கு வெள்ளம்தான் முதல் கேள்வி. 2017 ஹார்வியில் மூழ்கிய வீடுகளில் பல, வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தவை. கேட்டி பகுதியில் பார்க்கர், அடிக்ஸ் நீர்த்தேக்கங்களுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் நிலத்திலேயே குடியிருப்புகள் உண்டு. விற்பவர் தரும் வெளிப்படுத்தல் படிவத்தில் வெள்ளக் கேள்விகளை முதலில் படியுங்கள். வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது. கூட்டாட்சி வெள்ளக் காப்பீடு தனி, எடுத்தபின் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். செய்தியில் புயல் சொன்ன பிறகு வாங்கிப் பயனில்லை. ஹியூஸ்டன் நகரத்தில் நில வகைப்பாட்டுச் சட்டமும் கிடையாது. பக்கத்துக் காலி மனையில் என்ன வரலாம் என்பது அந்தக் குடியிருப்பின் பத்திரக் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

மின்சாரம்: மூன்று எண்கள் உள்ள தாள்

டாலஸ், ஹியூஸ்டன் பகுதிகளில் பெரும்பாலும் மின் விற்பனையாளரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஸ்டின், சான் அந்தோனியோ, டென்டன் நகரங்களில் நகராட்சி மின்சாரம்தான், அந்தத் தலைவலி இல்லை. அரசின் பவர் டு சூஸ் தளத்தில் விலைப்படி வரிசைப்படுத்தினால் மேலே வருபவை பெரும்பாலும் பொறிகள். விளம்பர விலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள மின்சார விவரத் தாளைத் திறங்கள். 500, 1000, 2000 யூனிட்டுக்கு என மூன்று விலை இருக்கும். ஒரு திட்டம் யூனிட் 17 சென்ட், 1000 யூனிட் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி என்று வையுங்கள். சரியாக 1000 யூனிட்டுக்குப் பில் 70 டாலர், அதாவது 7 சென்ட், விளம்பரத்தில் வருவது அதுதான். 990 யூனிட் ஓடினால் தள்ளுபடி இல்லாமல் 168 டாலர். 2000 ஓடினால் 240. மூன்று எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் நிலையான விலைத் திட்டத்தை 12 மாதத்துக்கு எடுங்கள். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தவறினால் மாறும் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசி 14 நாளில் மாறினால் அபராதம் கிடையாது.

மின்தடைக்கு விற்பனையாளரை அழைத்துப் பயனில்லை. கம்பி ஆன்கோர் அல்லது சென்டர்பாயின்ட்டுடையது, அவர்களைத்தான் அழைக்க வேண்டும். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் நாட்கணக்கில் மின்சாரம் போய் வீடுகளில் குழாய்கள் வெடித்தன. 2024 ஜூலையில் பெரில் புயலில் சென்டர்பாயின்ட் வாடிக்கையாளர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் இல்லை. குடியேறிய முதல் வாரமே தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.

கார்

பதிவுக்கு 30 நாள், ஓட்டுநர் உரிமத்துக்கு 90 நாள். வரிசை முக்கியம்: முதலில் டெக்சாஸ் காப்பீடு, பிறகு புகைச் சோதனை, பிறகு கவுண்டி வரி அலுவலகத்தில் 130-யு படிவத்தோடு பதிவு, கடைசியில் உரிமம். உரிமம் கேட்கும்போது கார்ப் பதிவைக் காட்டச் சொல்வார்கள். பொதுவான வாகனப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள், ஆனால் நம்மவர்கள் அதிகம் வாழும் காலின், டென்டன், டாலஸ், ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், டிராவிஸ், வில்லியம்சன் கவுண்டிகளில் பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனை உண்டு. டயரும் பிரேக்கும் தேய்ந்ததை இனி யாரும் சொல்ல மாட்டார்கள், ஆயில் மாற்றும்போது நீங்களே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் கட்டணம். காப்பீடில்லாமல் ஓட்டுபவர்கள் உண்டு என்பதால், காப்பீடில்லா ஓட்டுநர் பாதுகாப்பை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விசாவில் இருப்பவர்களுக்கு உரிமம், நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஐ-94 பதிவின் தேதியோடு முடியும்.

பிள்ளைகள்

குழந்தைக் காப்பகத்தில் கலிஃபோர்னியாவில் 12 மழலைகளுக்கு ஓர் ஆசிரியர். டெக்சாஸில் 4 வயதுப் பிள்ளைகள் 18 பேருக்கு ஒருவர் போதும், 3 வயதென்றால் 15-க்கு ஒருவர். ஓர் ஆசிரியருக்குச் சட்டம் அனுமதிப்பதைவிடக் குறைந்த பிள்ளைகளை வைத்திருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் பிள்ளையின் அறையில் இன்று எத்தனை பேர் என்று கேளுங்கள், மாநிலத் தளத்தில் அந்தக் காப்பகத்தின் ஆய்வு வரலாற்றைப் படியுங்கள்.

பள்ளியில் தினமும் இரண்டு கொடிகளுக்கு உறுதிமொழி, பிறகு ஒரு நிமிட மௌனம். உறுதிமொழி வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். வகுப்பறையில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று 2025-இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்குகளும் வந்தன, உங்கள் பள்ளியில் என்ன நிலைமை என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பைபிள் கதைகள் கலந்த புளூபானட் பாடத்திட்டத்தை எடுப்பது மாவட்டத்தின் விருப்பம், சேர்க்கும் முன் கேளுங்கள். பாலியல் கல்விக்கும், 2025 முதல் மாணவர் சங்கத்தில் சேரவும்கூட, பெற்றோர் கையெழுத்து வேண்டும். படிவம் பையிலேயே கிடந்தால் பிள்ளை வெளியே உட்கார்ந்திருக்கும். தடுப்பூசி விலக்குப் படிவம் இப்போது எளிதில் கிடைக்கிறது. 2025-இல் மேற்கு டெக்சாஸ் தட்டம்மைப் பரவலில் 762 பேர் பாதிக்கப்பட்டு 2 குழந்தைகள் இறந்தார்கள். கைக்குழந்தை இருந்தால் எம்எம்ஆர் ஊசியை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் முன்பே பேசுங்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை இருந்தால் இதைக் கவனியுங்கள். யுடி ஆஸ்டினில் (டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின்) தானாக இடம் கிடைக்க, 2026 சேர்க்கையிலிருந்து பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஃப்ரிஸ்கோ, காப்பெல், கேட்டி போன்ற இடங்களில் அந்தப் போட்டி கடுமை. 'நல்ல பள்ளி' என்று அதிக விலை கொடுத்து வீடு வாங்குவது இந்தக் கணக்கில் எதிராகவும் முடியலாம்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று: கலிஃபோர்னியாவில் கடையில் விற்கும் கஞ்சா எண்ணெய் வேப் இங்கே ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெருங்குற்றம், 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறை. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு விசாவும் கிரீன் கார்டும் சேர்ந்து போய்விடலாம். நண்பனின் பையையும் வாங்கி வைக்கக் கூடாது.

கர்ப்பமும் துப்பாக்கியும்

2022 ஆகஸ்ட் 25 முதல் கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. வன்புணர்வுக்கும், கருவின் கடுமையான குறைபாட்டுக்கும் விலக்கில்லை. தாயின் உயிருக்கோ உடலின் முக்கிய இயக்கத்துக்கோ கடும் ஆபத்தென்றால் உண்டு, அந்த ஆபத்து உடனடியாக இருக்கத் தேவையில்லை என்று 2025 சட்டம் தெளிவாக்கியது. குழாய்க் கர்ப்பத்துக்கான சிகிச்சையும், இறந்துவிட்ட கருவை அகற்றுவதும் கருக்கலைப்பு ஆகாது. முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்: ஐந்தாம் மாதத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தால் இந்த மருத்துவமனையில் என்ன செய்வீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். மரபணுச் சோதனைகளை அனுமதிக்கும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், வெளிமாநிலம் போக வேண்டி வந்தால் நாள் போதாது.

2021 செப்டம்பர் முதல் 21 வயதான, சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமமின்றியே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கேட்ட பிறகுதான் டேஷ்போர்டைத் திறக்க வேண்டும். பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும் முன் 'வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டுவிடுங்கள். நாய் உண்டா, நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா என்பதோடு சேர்த்துக் கேட்டால் கூச்சம் தெரியாது. இங்கே பெற்றோர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது.