ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் வந்த பசியும் நின்றுபோன எடையும்

கோவையில் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) முடிந்து குன்னூர் திரும்பிய பின், மூன்றாம் வாரம் எடை அசையாமல் நின்றது. கூடவே வயிற்றைக் கிள்ளும் பசி. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியையே வெட்டி எடுத்த பிறகு இது எப்படி?

சூப், மோர் என்று கூட்டிப் பார்த்தேன். திரவம் சட்டென்று இறங்கிவிடுவதால் பசி அடங்கவில்லை. எடை மெஷின் எங்கள் பலகைத் தரையில் இடத்துக்கு இடம் வேறு எண் காட்டியது. சிமென்ட் தரையில் வைத்ததும் எண் சீரானது, எடை இறங்கவில்லை.

கவனித்தால், டீ குடித்த பின்பும் படுத்த பின்பும்தான் இந்தப் பசி கூடியது. நெஞ்செலும்புக்குக் கீழே லேசான எரிச்சலும் இருந்தது. பசியல்ல, வயிற்று அமிலம்! டாக்டர், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையைக் காலை உணவுக்கு 30 நிமிடம் முன், வெறும் வயிற்றில் போடச் சொன்னார். டீயை நிறுத்தினேன். கிள்ளல் அடங்கியது.

எடைக்கு அவசரப்படத் தேவையில்லை. முதலில் இறங்குவதில் பெரும்பங்கு கிளைகோஜனும் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) அதோடு ஒட்டிய நீரும். 1 கிராம் கிளைகோஜனுக்குச் சுமார் 3 கிராம் நீர். உடல் நீரைத் திரும்பப் பிடிக்கும்போது கொழுப்பு கரைந்தாலும் மெஷினில் தெரியாது. இன்ச் டேப்பில் இடுப்பு குறைவது தெரியும். தயிர், குழைத்த முட்டை, பருப்பு மசியல், புரதப் பவுடர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 60 கிராம் புரதம். மலைக் குளிரில் தாகமே எடுக்காது. ஃபிளாஸ்க் வெந்நீரை மடக்கு மடக்காக, 1.5 லிட்டராவது குடிக்க வேண்டும், சாப்பிட்ட பின் 30 நிமிடம் விட்டு. எடை மறுபடி இறங்கத் தொடங்கியது.

காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, இடது தோள் வலி, விடாத வாந்தி வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.