இரண்டு மாயாவிகள்: காமிக்ஸைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் நண்பர் ஒருவரின் வீட்டு முகப்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். ஆளுக்கொரு பை நிறைய காமிக்ஸ் கொண்டுவருவோம். முதலில் வெள்ளைப் பணியாரம் வரும், மிளகாய்ச் சட்னி வரும், அப்புறம் சண்டை வரும்.

அப்படி ஒரு நாள் மாயாவியைப் பற்றிச் சண்டை. காரைக்குடி அண்ணன் ஒருவர், "மாயாவி மாதிரி நேர்மையான ஆள் காமிக்ஸிலேயே கிடையாது" என்றார். தேவகோட்டைக்காரர் விடவில்லை. "ஆரம்பத்துல அவன் செய்யாத அக்கிரமமா? திருந்தினதே பிற்பாடுதானே?" முக்கால் மணி நேரம் ஓடியது. சத்தம் கேட்டு உள்முற்றத்து வளவிலிருந்து ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அண்ணன் பேச்சுவாக்கில் குதிரையை இழுத்தார். "மாயாவிக்கு ஏதுண்ணே குதிரை?" என்றார் மற்றவர். அப்போதுதான் விளங்கியது. அண்ணன் அவ்வளவு நேரமும் பேசியது ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்த, குதிரையேறி வரும் முகமூடி வீரன் ஃபேண்டமைப் பற்றி. இவர் பேசியது முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பற்றி.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும் அந்தப் புத்தகம் நடுவில் விரித்துக் கிடக்க வேண்டும். கையில் இல்லாத புத்தகத்தைப் பற்றி அளக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. இது வந்த பிறகுதான் நாங்கள் வருஷக்கணக்கில் செய்துவந்த தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன.

எந்த மாயாவி?

தமிழில் காமிக்ஸ் படிப்பவர்களுக்குப் பெயர்க் குழப்பம் கூடப் பிறந்தது. நாம் கேப்டன் டைகர் என்று கொண்டாடுகிறவருக்கு பிரெஞ்சு மூலத்தில் பெயர் புளூபெர்ரி. எழுதியவர் ஷார்லியே, வரைந்தவர் ழான் ஜிரோ, தொடங்கிய வருஷம் 1963. ஸ்பைடர் என்று சொன்னாலோ, இளவட்டங்கள் ஏதோ ஸ்பைடர்மேனின் நகல் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அது 1965இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் தொடங்கிய கூர்க்காதுக் குற்றச் சக்கரவர்த்தியின் கதை. சிலந்தியைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. அந்தக் கதைகளில் கணிசமானவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இது தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

அதனால் தமிழ்ப் பெயரோடு எந்தப் பதிப்பு என்பதையும், தெரிந்தால் மூலப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வரைந்தவர் பெயரையும்தான். அதை விட்டுவிடுவது நமக்கு ரொம்பப் பழகிப்போன தவறு. இரும்புக்கை மாயாவியின் ரசிகன் என்று மார்தட்டும் நானே, அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலம் மாதிரி வருமா?

இந்தக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்காமல் பணியாரம் ஆறியதில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. அந்தத் தலைமுறைக்காரர்களிடம் "அதில் எது பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். லீவுக்கு ஐயா வீட்டுக்கு வந்தது, பட்டாலையில் கவிழ்ந்து படுத்துப் படித்தது, கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்தது, அட்டை கிழிந்ததற்கு அண்ணனிடம் குட்டு வாங்கியது எல்லாம் வரும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு வரிகூடப் புத்தகத்தைப் பற்றியது அல்ல.

நான்தான் இதில் முதல் குற்றவாளி. அதனால் ஒருநாள் மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு விஷயம் தட்டுப்பட்டது. ஒன்று, சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டுகிறார், தப்பிக்கிறார், திரும்ப மாட்டுகிறார். சிறுவயதில் இதை வேகம் என்று நினைத்தேன். இப்போது மூச்சு வாங்கியது. காரணம் இருக்கிறது. அந்தக் கதை 1962இல் லண்டனில் வேலியண்ட் என்ற வார இதழில் தொடராக வரத் தொடங்கியது. வாரத்துக்குச் சில பக்கம்தான். அடுத்த வாரம் வாசகன் திரும்பி வர வேண்டும் என்றால் ஒவ்வொரு வாரமும் ஆளைக் கிணற்றில் தள்ளித்தான் முடிக்க வேண்டும். தினத்தந்தியில் 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கன்னித்தீவை மொத்தமாகக் கட்டி ஒரே மூச்சில் படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம் நான் எதிர்பார்க்காதது. பிளாஸ்கோவின் நிழல்கள். மை அப்பிய இருட்டும், பாதி முகத்தில் மட்டும் விழும் வெளிச்சமும். சிறுவயதில் 'அடுத்து என்ன' என்று பக்கத்தைப் புரட்டிய அவசரத்தில் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. ஆக, என் நினைவு அந்தப் புத்தகத்தின் குறையையும் மறைத்தது, நிறையையும் மறைத்தது.

கதை சுமார், படம் சூப்பர்

இப்படிப் பிரித்து மதிப்பெண் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படம் இல்லாமல் கதை உங்களுக்கு எந்த வழியாக வந்தது?

எங்கள் ஊர் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியும். மொத்த வீட்டையும் ஒரு பார்வையில் பார்த்த மாதிரி இருக்கும். உள்ளே நடந்தால்தான், ஒவ்வொரு நிலைவாசலைத் தாண்டும்போதும் வெளிச்சம் மாறுவதும், முற்றத்தில் கண் கூசுவதும், அடுத்த கட்டில் திடீரென்று இருட்டுவதும் புரியும். காமிக்ஸ் பக்கமும் அப்படித்தான். விரித்தவுடன் முழுப் பக்கமும் கண்ணில் விழும், பிறகு கட்டம் கட்டமாகப் போவோம். திறமையான ஓவியர் இந்த இரண்டு பார்வைக்கும் சேர்த்தே திட்டம் போடுகிறார். அதிர்ச்சியான கட்டத்தைப் பக்கம் புரட்டிய பிறகு வருகிற மாதிரி ஒளித்து வைப்பது அதனால்தான். வாட்ச்மென் என்ற அமெரிக்க காமிக்ஸ் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற ஒரே அளவில் போகிறது. அந்தத் தாளத்துக்குக் கண் பழகிய பிறகு ஒரு பெரிய கட்டம் வந்தால் நெஞ்சில் இடிக்கிறது. அதைக் கதையின் பலம் என்பதா, படத்தின் பலம் என்பதா?

'சூப்பர்' என்று சொல்ல வாய் வரும்போது, எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். 'போர்' என்று சொல்லும்போதும் அதேதான். விரல் வைக்க இடம் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு தடவை படித்துவிட்டு வரலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மாங்காவைப் பின்னாலிருந்து படித்த மாமா

கூட்டத்தில் மூத்தவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், மகள் வாங்கிக் கொடுத்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், ஒன்றைப் படித்துவிட்டு "முதல் பக்கத்திலேயே எல்லோரும் அழுகிறார்கள், என்ன கதையோ" என்று அலுத்துக்கொண்டார். அவர் தொடங்கியது கடைசிப் பக்கத்தில். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். கட்டங்களும் அப்படியே, ஒரே கட்டத்துக்குள் வசனம் எழுதிய பலூன்களும் அப்படியே. "திருப்பி அச்சடித்தால் என்ன?" என்று மாமா கேட்டார். ஆங்கிலத்தில் ஆரம்பக் காலத்தில் அப்படிக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்தார்கள். வாள்வீரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். அதைவிட மோசம் கிமோனோ. உயிரோடிருப்பவர்களுக்கு இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. பூணூல் தோள் மாறிக் கிடந்தால் இன்று திதி போல என்று நமக்குத் தோன்றுமே, அந்த மாதிரி.

"கலர் இல்லையே" என்பது அடுத்த குறை. பெரும்பாலான மாங்காக்கள் வாராவாரமோ மாதாமாதமோ மலிவான தாளில் தடித்தடியாக வரும் இதழ்களில் தொடராக வருபவை. வாரத் தொடர் என்றால் ஏறக்குறைய 20 பக்கத்தை ஏழு நாளில் முடிக்க வேண்டும். அந்த நெருக்கடிக்குள் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே வேகம், மழை, வெட்கம், வெறி எல்லாவற்றையும் காட்ட ஒரு தனி மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். கலரைத் தேடுகிற கண்ணுக்கு அது அகப்படாது.

இன்னொன்று, ஷோனென் (சிறுவர்), செய்னென் (வாலிபர்) என்ற சொற்களைக் கதை வகை என்று நினைத்துக்கொண்டு பேசுவது. அவை எந்த வயது வாசகர்களுக்கான இதழில் வந்தது என்பதைத்தான் சொல்கின்றன. சிறுவர்களுக்கான அப்படியொரு வார இதழில்தான், ஹிரோஷிமா குண்டுவீச்சில் 6 வயதில் உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா, அந்த அழிவை 1973இல் தொடராக வரையத் தொடங்கினார். மாங்கா என்றால் முடி சிலிர்த்துக்கொண்டு போடும் சண்டை மட்டும்தான் என்று சொல்கிறவர்களிடம் நான் அதைத்தான் நீட்டுவேன்.

நீளமான தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன் பீஸ் என்ற மாங்கா 1997இல் தொடங்கி 100 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. மூன்று தொகுதி படித்துவிட்டு "குப்பை" என்பதும் தவறு, "அறுபது தொகுதி பொறுத்துக்கோ, அப்புறம் பிரமாதமா இருக்கும்" என்பதும் தவறு. எதுவரை படித்தேன் என்பதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

பலூனுக்குள் தமிழ்

மொழிபெயர்ப்பைத் திட்டுவதற்கு முன்னால் பலூனை அளந்து பாருங்கள். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் மாங்கா பலூன்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதற்குள் 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு வார்த்தையை நுழைத்துப் பாருங்கள், கஷ்டம் தெரியும். ஐரோப்பிய காமிக்ஸிலும் தமிழ் வாக்கியம் மூலத்தைவிட நீண்டு எழுத்துப் பொடியாகிவிடுவது உண்டு. வசனம் மொட்டையாக இருக்கிறது என்று தோன்றினால் அது எழுத்தாளர் செய்ததா, மொழிபெயர்ப்பாளர் செய்ததா, இடம் செய்ததா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆளைப் பிடியுங்கள்.

முடிவைச் சொல்லலாமா?

இரத்தப் படலம் தெரியுமில்லையா? நினைவு அழிந்துபோன ஒருவன், காறையெலும்புக்கு மேல் பதின்மூன்று என்று ரோமன் எண் பச்சை குத்தியிருக்கும், தான் யார் என்று அவனே தேடிப் போவான். அதைப் பாதி படித்திருந்த ஒரு தம்பியிடம், அவன் யார் என்பதைப் போகிற போக்கில் ஒருவர் போட்டு உடைத்தார். அந்தத் தம்பி இரண்டு மாதம் வரவில்லை. கேட்டால், "கம்பராமாயணத்தில் ராவணன் சாவான் என்று தெரியாமலா பங்குனியில் கம்பன் விழாவுக்குப் போகிறோம்?" என்கிறார் உடைத்தவர். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடியில் இந்த வாதத்துக்குக் கைதட்டல் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே போகிறவர்கள் எப்படிச் சொல்லியிருக்கிறான் என்று கேட்கப் போகிறார்கள். இங்கே கதையே 'யார்' என்ற கேள்வியில் தொங்குகிறது. கேள்வியைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன? முதல் கால்பாகத்துக்கு அப்பால் எதைச் சொல்வதாக இருந்தாலும் எதிரில் இருப்பவர் படித்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்வது எங்கள் கணக்கு.

பெயரில் என்ன கௌரவம்

"நான் காமிக்ஸ் படிப்பதில்லை, கிராஃபிக் நாவல்தான்" என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். புத்தகமாகக் கட்டி வரும் படக்கதைக்கு அப்படி ஒரு பெயர். அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் 1978இல் தன் புத்தக அட்டையில் அந்தச் சொல்லைப் போட்ட பிறகு அது பரவியது. ஆனால் மேலே சொன்ன வாட்ச்மென் 1986, 87இல் 12 தனித்தனி இதழ்களாக வந்த சாதாரண காமிக்ஸ். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கிய மௌஸ் என்ற படக்கதையும் முதலில் இதழில் தொடராக வந்ததுதான். தைத்துக் கட்டிவிட்டால் சாதி மாறிவிடுமா? அதே சமயம், படம் போட்ட புத்தகம் எல்லாம் பிள்ளைகளுக்குத்தான் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் துப்பாக்கிக் கதையைப் பரிந்துரைப்பதும் கூடாது. பிடித்ததைச் சொல்லும்போது எந்த வயதுக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இன்னொரு வியாதி உண்டு: கிடைக்காதது எல்லாம் நல்லது என்று நம்புவது. அரிய பிரதிக்குக் கொடுத்த விலையைச் சொன்னால் அது விமர்சனம் ஆகாது. ஆனால் பிடிக்காததை "எடைக்குப் போடு" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பக்கத்துக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். நல்லதா கெட்டதா என்று பார்த்து எடுத்திருந்தால் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்தில் பாதி அலமாரி காலியாகத்தான் இருந்திருக்கும். உங்கள் கருத்து உங்களோடு, புத்தகம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், ஒரு பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டலாம். முழுப் புத்தகத்தையும் படம் பிடித்து அனுப்பிவிட்டு "ஆதரவு தாருங்கள்" என்று பதிப்பாளருக்காகப் பரிந்து பேசாதீர்கள்.

போன மாதம் நண்பரின் பேரன், ஆறாம் வகுப்பு, எங்கள் நடுவில் விரிந்து கிடந்த இரும்புக்கை மாயாவியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் கட்டம். "ஐயா, உடம்பு மறையுது, சரி. போட்டிருக்கிற சட்டை எப்படி மறையுது?" என்றான். தேவகோட்டைக்காரர் பணியாரத்தைக் கீழே வைத்தார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.