ஆன்லைன் டிரெய்னரோடு உடற்கட்டுப் போட்டி மேடைக்குத் தயாராக

என் டிரெய்னர் சென்னையில், நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். நேரம் இரண்டரை மணி வித்தியாசம். அவர் எழுவதற்குள் என் எடையும் படமும் போய்விடும். காலையில் கழிவறை போய்வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். படத்துக்கு அதே சுவர், அதே விளக்கு.

சாப்பாடுதான் பெரும்பாடு. சோற்றை அரிசியாக அளப்பதா, வெந்தபிறகா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம். நாசி லெமாக் சோற்றில் தேங்காய்ப்பால் உண்டு என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவகம்) ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள், தேநீர் பாலும் சீனியும் இல்லாமல் வரும். (ரொட்டி சானாய், அதாவது இங்குள்ள பரோட்டா, அதன் வாசனைக்கு மருந்து இல்லை.)

மென்ஸ் ஃபிசிக் என்ற போட்டிப் பிரிவில் போடும் போர்ட் ஷார்ட்ஸ் (நீள அரைக்கால்சட்டை) தொடையை மறைக்கும், முதுகை மறைக்காது. பின்பக்க போஸை வீடியோ எடுத்து அனுப்புங்கள். கடைசி வாரம் உடலின் நீரை வெளியேற்றும் மாத்திரை போடச் சொன்னால், வேறு டிரெய்னரைத் தேடுங்கள்.