விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

மாத்திரையை நிறுத்தாதீர்கள், பயிற்சியை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். வேலூரில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் சிகிச்சை, பார்க்கிற எனக்கு, பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாரும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் செய்கிற வேறு சில தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. எங்கள் செட்டும் ஆரம்பத்தில் செய்தவைதான் இவை.

தோளோடு விளையாடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற அம்மா ஒருவர் வந்தார். வலது கை, வலது கால் விழுந்திருந்தது. வந்த புதிதில் விரல்கள் லேசாக மடங்கி விரிந்தன. நல்ல அறிகுறி. மகனுக்கு அம்மா மேல் உயிர். ஊஞ்சல் கொக்கியில் கப்பி மாட்டிக் கயிறு கட்டிவிட்டான். அம்மா நல்ல கையால் ஒரு முனையை இழுக்க, விழுந்த கை தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் அந்தக் கையையே பிடித்துத் தூக்கினார்கள். அடுத்த முறை வந்தபோது அம்மா கையைத் தொடவே விடவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. வலிக்குப் பயந்து கையை மடியில் அணைத்தே வைத்திருந்ததில், ஆடிக்கொண்டிருந்த விரல்களும் நின்றுபோயிருந்தன.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் உருண்டையை அதில் நிறுத்தி வைப்பது சுற்றியுள்ள தசைகள்தான். வாதம் வந்து அவை தளர்ந்தால், கையின் எடை தாங்காமல் உருண்டை கீழே இறங்கும். தோள்முனை எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். இதோடு இன்னொன்றும் உண்டு. நாம் கையை உயர்த்தும்போது முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று இடம் விடுகிறது. விழுந்த கையைக் கயிறு இழுத்தால் அது சுழலாது. நடுவில் இருக்கும் தசைநார்கள் நசுங்கும். கப்பிக்கு இதெல்லாம் தெரியுமா?

எழுப்பும்போது இடுப்பைப் பிடியுங்கள், அல்லது இடுப்பில் துண்டைச் சுற்றி அதைப் பிடியுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் தலையணை மேலோ மேஜை மேலோ இருக்கட்டும். தெரபிஸ்ட் சொல்லித்தராமல் தோள் மட்டத்துக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். ஆரம்பத்துக்கு மேஜை மேல் ஒரு துண்டை விரித்து, இரண்டு கையையும் கோத்து வைத்து, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து துண்டைத் தள்ளினால் போதும்.

அந்த அம்மாவுக்கு முதலில் வலியைத்தான் அடக்க வேண்டியிருந்தது. அப்புறம் பீடி முறத்தையே கொண்டுவரச் சொன்னோம். மடியில் வைத்த முறம் நகராமல் விழுந்த கை அழுத்திப் பிடிக்கும், இடது கை இலையை அடுக்கும். பந்தும் கட்டையும் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர், முறத்தைக் கண்டதும் 'இலைய நனைச்சுக் கொண்டாடா' என்று மகனை விரட்டினார்.

ஸ்மைலி பந்து

இறுகி மடங்கிய விரலுக்கு, பந்தை அமுக்கச் சொல்லி மேலும் மடக்கும் வேலை எதற்கு? டம்ளரைப் பிடிக்க முதலில் விரல் விரிய வேண்டும்.

சட்டை

போடும்போது விழுந்த கை முதலில். கழற்றும்போது கடைசியில்.

மரத்த கைக்கு வெந்நீர்ப் பை

1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் படும் சூடும் காயமுமே அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். வாதத்தில் மரத்த கைக்கும் சர்க்கரை நோயில் மரத்த கைக்கும் அதே கதைதான். பையின் சூட்டை முதலில் உணர்ச்சியுள்ள கையால் தொட்டுப் பாருங்கள், கொப்புளம் வந்த பிறகு அல்ல.

நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது

இது நாள்பட்ட வலிக்காரர்களுக்கு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிற பெண் ஒருவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பல மாதமாக வலி. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் குறைந்தால் வாரத்துத் துணி முழுக்கத் துவைப்பார், மாவாட்டுவார், வீட்டைக் கழுவுவார். திங்களும் செவ்வாயும் கை தூக்க முடியாது. மூன்று மாதம் தாண்டிய வலியில் புண் ஆறியிருந்தாலும் நரம்புகள் கூசிப்போய், சின்ன வேலைக்கும் பெரிதாகக் கத்தும். அதனால் வலி வந்ததும் நிறுத்துவது என்பதைவிடக் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது மேல். எவ்வளவு நேரத்தில் வலி ஏறுகிறது என்று சில நாள் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்பே கையை எடுத்துவிட வேண்டும். நல்ல நாளிலும் அவ்வளவுதான். மோசமான நாளில் குறைவாக, ஆனால் ஏதாவது செய்ய வேண்டும். நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: 'பாதித் துணிய பக்கெட்ல விட்டுட்டு எழுந்தா எங்க அத்தை சும்மா இருப்பாங்களா?' அடுத்த முறை அத்தையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.